பரமநாதன் எழுதிய இரண்டு நான்

வேட்டி தகரப் பெட்டியின் அடியில் இருக்கும் என்று அண்ணன் மனைவி பத்மாவதி சொல்லியிருந்தாள். தவமணி முழங்காலில் இருந்தபடி பெட்டிக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். இரண்டு பழைய காற்சட்டைகள், காலரைத் திருப்பித் தைத்த சட்டைகள், ஒரு சால்வை. வேட்டியை மட்டும் காணவில்லை. கூடத்தில் அண்ணனைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். சித்தப்பா விநாசித்தம்பி வாசலில் நின்று நேரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்.

"மணிக்கூட்டில ஒண்டரை மணித்தியாலம் கழிக்க வேணும். இது டோக்கியோ நேரம். ராகுகாலம் சூரியனைப் பாத்து வாறது, ஜப்பான்காரனைப் பாத்து இல்லை."

"கழிக்கிறதா, கூட்டுறதாண்ணே?" என்றான் அய்யாக்கண்ணு. பாடை கட்டுவதற்கு மூங்கில் கொண்டுவந்தவன் அவன்.

சித்தப்பா விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். "கழிக்கிறதுதான்," என்றார். பிறகு, "பொறு, யோசிப்பம்," என்றார்.

பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளுக்குக் கீழே வேட்டி இருந்தது. அதை அங்கே யார் ஒளித்து வைத்தார்கள் என்று நினைத்தபடி தவமணி உதறினாள். மடிப்புக்குள்ளிருந்து இரண்டு காகிதக் கட்டுகள் விழுந்தன. துறைமுகக் கந்தோரின் பழைய படிவங்கள். பின்புறத்தில் அண்ணனின் கையெழுத்து. ஒரு கட்டின் மூலையைக் கறுப்பு நூலால் தைத்திருந்தார், மற்றதைப் பச்சை நூலால்.

கறுப்பு நூல் கட்டின் முதல் வரியை அவள் நின்றபடியே படித்தாள். 'நான் அன்று வெள்ளைச் சட்டை அணிந்திருந்தேன்.'

முதல் சொல்லிலேயே அவள் கண் நின்றுவிட்டது.

"தவம், கிடைச்சதோ?" என்று கூடத்திலிருந்து பத்மாவதி கேட்டாள்.

"ஓம் மச்சாள், கொண்டு வாறன்."

கட்டுகளை இடுப்பில் சேலைக்குள் செருகிக்கொண்டு வேட்டியை எடுத்துப் போனாள்.

அண்ணனுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். கொயினா மருந்து எங்கும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று சொன்னவர்கள் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் கிடைக்கும் என்றார்கள், பிறைக்குப் போனால் தைப்பிங்கில் என்றார்கள். இன்று விடிகாலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு வீடு தள்ளியிருக்கும் காமாரியா கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அது தெரியாமல் பத்மாவதி உள்ளிருந்தபடியே, "ஆரது?" என்று கேட்டாள். பாயில் கண்மூடிக் கிடந்தவர் தெளிவான குரலில், "நான்தான்," என்றார். இரண்டு நாளாக அவர் பேசியிருக்கவில்லை. பத்மாவதி கதவைத் திறந்து காமாரியாவின் கையிலிருந்து கோப்பையை வாங்கித் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, தெற்கே தலை வைத்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். முப்பத்தெட்டு வயது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கே தின்று வீங்கியிருந்த கால்கள் மட்டும் வேறு யாருடையவோ போலிருந்தன. தலைமாட்டில் பத்மாவதி உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"மூண்டுக்குப் பிறகு எடுப்பம்," என்று சித்தப்பா உள்ளே வந்து சொன்னார். "மணிக்கூட்டு மூண்டு."

எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினொன்றரை. உண்மையில் பத்து. அல்லது ஒன்று. யாருக்கும் அந்த நேரத்தில் அது நிச்சயமாக இல்லை.

*

யுத்தத்துக்கு முன் அண்ணன் பரமநாதன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குக் கதை எழுதுவார். துறைமுகக் கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணி வேலை. மாலையில் வந்து முகம் கழுவியதும் எழுத உட்காருவார். அடித்தும் திருத்தியும் அவர் எழுதியதைச் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுப்பது தவமணியின் வேலை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் தமிழ் டீச்சர், எழுத்துத் திருத்தமாக இருக்கும். மொத்தம் பதினொரு கதைகள். ஒன்றிலும் 'நான்' கிடையாது. எல்லாம் 'அவன்', 'அவள்'. ஏன் என்று கேட்டால், "நான் எண்டு கதை எழுதிறவன் ஒண்டில் பெருமையடிக்கிறான், இல்லாட்டி அழுகிறான். எனக்கு ரெண்டும் வராது," என்பார்.

இதற்காக அவரோடு ஓயாமல் சண்டை பிடித்தவர் சிக்கந்தர், காமாரியாவின் கணவர். குயீன் ஸ்திரீட்டில் புத்தகம் பைண்டிங் செய்யும் சிறிய கடை அவருடையது. சனிக்கிழமைகளில் பசை ஒட்டிய விரல்களோடு வந்து உட்கார்ந்துகொள்வார், மலாய்க்காரர் மாதிரிப் பேச்சின் கடைசியில் 'லா' போடுவார்.

"கிராணியண்ணே, பதினொரு கதையும் படிச்சாச்சு. எல்லாத்துலயும் எவனோ வர்றான், எவனோ போறான். நீங்க எங்க? ஒரு தடவை நான்னு எழுதிப் பாருங்கலா."

"'வந்தேன்' எண்டு எழுதினாலே வந்தது ஆர் எண்டு தெரியும். நான் அதுக்குள்ளையே இருக்கு. பிறகேன் அதை முன்னால கொண்டுவந்து நிப்பாட்டிறது?"

"ஒளிஞ்சுக்கறதுக்கு இப்படி ஒரு இலக்கணமா?" என்று சிக்கந்தர் சிரிப்பார்.

சென்ற வருஷம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில், ஜப்பான் ராணுவப் போலீஸ் அந்தக் கடைக்குள் புகுந்து காகிதக் கட்டுகளைப் பிரித்தது. அடியில் ஜப்பான்காரர் தடைசெய்திருந்த ரேடியோ இருந்தது. சிக்கந்தரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் அவரைப் பார்த்தவர் இல்லை. உடல் என்றும் எதுவும் வரவில்லை. ரேடியோ அங்கே இருந்தது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். பரமநாதன் அவர்களில் ஒருவர்.

அதிலிருந்து வீட்டுக்கு வரும் ரேஷன் அரிசியில் பாதி காமாரியாவின் வீட்டுக்குப் போயிற்று. பரமநாதன்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். கூட்டாளியின் குடும்பம் என்று ஊரே அவரை மெச்சியது.

*

பின்கட்டில் கிணற்றடிக்குப் போகும் நடையில் நீள மரப்பலகை வாங்கு ஒன்று கிடந்தது. தவமணி அதில் உட்கார்ந்து கறுப்பு நூல் கட்டைப் பிரித்தாள். கூடத்தில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே வரும் சத்தமும், பிறகு மெதுவாகப் பேசும் சத்தமும் கேட்டன.

நான்கு தாள்கள். இந்த 'நான்' ஒரு அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஊர் பெயர் இல்லை, வருஷம் இல்லை. 'நான் மேசைக்கு அப்பாலிருந்த அதிகாரியின் கைகளைப் பார்த்தேன். நான் ஒன்றும் அறியேன் என்று நான் முதல் நாள் சொன்னேன். நான் இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். நான் இரண்டாம் நாள் இரவு நின்றுகொண்டிருந்தேன்.' வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான்'. எழுத்தில் நடுக்கம் இல்லை, அடித்தல் இல்லை. வலித்தது என்றோ பயந்தேன் என்றோ ஒரு சொல் இல்லை. மூன்றாம் தாளின் நடுவில் இப்படி இருந்தது:

'நான் மூன்றாம் நாள் காலையில் ஒரு பெயரைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைக் காகிதத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். எழுத்துப் பிழையாக இருந்தது. நான் பேனாவை வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.'

தவமணி தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். கிணற்றுக் கயிறு காற்றில் அசைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்து அதே வரிகளைப் படித்தாள். என்ன பெயர் என்று கதையில் இல்லை.

கடைசி வரி: 'நான் நடந்தே வீடு வந்தேன். நான் கால் கழுவினேன்.'

பச்சை நூல் கட்டில் மூன்றே தாள்கள். அதைத் தொடங்கியதும் அவளுக்குத் திடுக்கென்றது. வாசலில் சிக்கந்தர் வந்து நின்று பேசுவது போலிருந்தது.

'அண்ணே, சொகமா? இங்க ஒரு கொறையும் இல்லலா. பல்லு வலிதான் போகல. அன்னைக்குக் காலையில காமாரியா ஒரு கிராம்பை எடுத்து ஓட்டைப் பல்லுல அழுத்தி வச்சு, கடிச்சுக்கிட்டே கடைக்குப் போங்கன்னா. அதைத் துப்ப மனசு வரல. காரமெல்லாம் போயிருச்சு, குச்சி மட்டும் கெடக்கு. அப்பப்ப நாக்கால தொட்டுப் பாத்துக்கறேன், இருக்கா இல்லையான்னு. உள்ள இருக்கிறவங்க எல்லாரும் ஒரே கேள்வி. உன் பேரை யாரு சொன்னது? தெரியலன்னுட்டேன். தெரிஞ்சா கதவு தொறக்கவா போகுது? வேற ஏதாச்சும் பேசலாம்னேன். கதை சொல்லுன்னானுங்க. உங்க படகுக்காரன் கதையைத்தான் சொன்னேன் அண்ணே. உங்க அவனைத் தூக்கிட்டு நான்னு போட்டுச் சொன்னேன். அழுதுட்டானுங்க.'

இதுவும் 'நான்' சொல்லும் கதைதான். ஆனால் மூன்று தாளையும் விரலால் தடவிக்கொண்டே தேடியபோது 'நான்' என்ற சொல் அந்த ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் 'சொன்னேன்', 'பாத்தேன்' என்று வினைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. கறுப்பு நூல் கதையில் எண்ணத் தொடங்கி நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இப்போது அவள் நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி கற்பிக்கிறாள். 'நான்' என்பதற்கு ஜப்பான் மொழியில் ஆளுக்கொரு சொல் இருப்பதாக ஆசிரியைகளுக்குப் பாடம் எடுத்த அதிகாரி சொன்னார். பெண்ணுக்கு ஒன்று, சிப்பாய்க்கு ஒன்று, வீட்டில் ஒன்று, மேலதிகாரி முன்னால் ஒன்று. தமிழில் ஒன்றுதானே, எவ்வளவு சுலபம் என்று அன்று அவள் நினைத்திருந்தாள்.

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சிக்கந்தர் உள்ளே என்ன பேசினார் என்று அண்ணனுக்கு எப்படித் தெரியும்? பச்சை நூல் கதை முழுக்கக் கற்பனை. அப்படியென்றால் கறுப்பு நூல் கதையும் கற்பனைதான். காட்டிக்கொடுத்தவன் ஒருவன், பிடிபட்டவன் ஒருவன். இரண்டு பேருக்குள்ளும் புகுந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கூட்டாளி ஆசைப்பட்டுக் கேட்டதை அவன் போன பிறகு எழுதியிருக்கிறார்.

ஆனால் பச்சை நூல் கதைக்கு ஒரு காது இருந்தது. 'அண்ணே' என்று யாரையோ பார்த்துப் பேசியது. கறுப்பு நூல் கதை யாரையும் பார்க்கவில்லை. கதை எழுதுகிறவர் ஆளைக் கற்பனை செய்தால் கொஞ்சமாவது அலங்காரம் செய்வார், அழவைப்பார், மன்னிப்புக் கேட்கவைப்பார். எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்ததை யார் கற்பனை செய்வார்கள்? அது கிராணி செய்கிற வேலை. அண்ணனால் பிழையான எழுத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கல்யாணக் கடுதாசியிலும் திருத்துவார்.

அதையும் அவள் முழுதாக நம்பவில்லை. அவளுக்கு ஆறு வயதில் விளக்குச் சிமினியை உடைத்தது அவள். அப்பா பிரம்பை எடுத்துக்கொண்டு வந்தபோது, "நான்தான் உடைச்சனான்," என்று முன்னால் போய் நின்றது அண்ணன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கும் இதே மாதிரிச் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். நான் எடுத்தனான். நான் கைவிட்டனான். அடி வாங்கிய பிறகும் மாற்றிச் சொல்லவில்லை. மற்றவர் செய்ததை 'நான்' என்று ஏற்றுக்கொள்ள அவருக்குத் தெரியும்.

அழுகை வர வேண்டிய இடத்தில் இலக்கணம் வந்து நின்றது. எழுந்து கூடத்துக்குப் போனாள்.

*

பத்மாவதி அடுப்படியில் தனியாக நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தவமணி கதவை மெல்லச் சாத்தினாள்.

"மச்சாள், சிக்கந்தரைப் பிடிச்ச கிழமை முழுக்க அண்ணை எங்க இருந்தவர்?"

பத்மாவதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதென்ன இப்ப?"

"சும்மா கேக்கிறன்."

"செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவர். வியாழன் மத்தியானம் வந்தவர். கப்பல் வந்து நிண்டதாம், கந்தோரிலேயே படுத்ததாம்."

"நீங்கள் நம்பினீங்களோ?"

"வந்தவர். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்." பத்மாவதி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "சட்டையைத் தோய்க்கத் தாங்கோ எண்டு கேட்டன். தரேல்லை. தானே கிணத்தடியில இருந்து தோய்ச்சவர். மூண்டு தரம்."

செவ்வாய், புதன், வியாழன். கதையிலும் மூன்று நாள். ஆனால் கதைக்கு நாள் பொருத்துவது அண்ணனுக்குத் தெரியாத வேலையா? பதினொரு கதைகளில் ஒரு தேதிகூடத் தப்பியதில்லை.

"மச்சாள், அண்ணை எழுதினது ரெண்டு கட்டு வேட்டிக்குள்ள இருந்தது."

"தெரியும். நான்தான் பேப்பருக்குக் கீழ தள்ளி வைச்சனான்."

"வாசிச்சனீங்களோ?"

"இல்லை," என்றாள் பத்மாவதி. "வாசிச்சிருந்தா அடுப்பில போட்டிருப்பன். வாசிக்காததை எப்படிப் போடுறது?"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. கூடத்துக்குப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

*

மூன்று மணிக்குக் கிரியை தொடங்கியது. சித்தப்பாதான் கொள்ளி வைப்பதாக இருந்தது. அவர் இடுப்பில் ஈரத்துண்டோடு ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் வேறு விதமாகச் செய்தார். வாய்க்கரிசி நேரம் வந்தது. பானையில் பார்த்தால் அடியில் நொய்தான் இருந்தது, வண்டு விழுந்த நொய்.

அப்போது காமாரியா வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். தலைமுக்காட்டை இழுத்துப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றாள். தவமணி எழுந்து போனாள்.

"டீச்சர், நான் உள்ள வரலாமா தெரியல. இதைக் குடுத்துட்டுப் போறேன்." துணி முடிச்சை நீட்டினாள். உள்ளே வெள்ளை அரிசி, ஒரு படி இருக்கும், கல் பொறுக்கிச் சுத்தமாக இருந்தது. "அண்ணன் கொண்டாந்து குடுத்ததுதான். ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி எடுத்து வச்சேன். அவர் வர்ற அன்னைக்கு ஆக்கிப் போடணும்னு."

எந்த 'அவர்' என்று சொல்லத் தேவையில்லை.

"அப்ப இதை ஏன்..."

"இருக்கட்டும், டீச்சர். இன்னைக்கு வேணும்ல."

அந்த அரிசியைத்தான் ஒவ்வொருவராக அள்ளி அண்ணனின் வாயில் போட்டார்கள். தவமணியின் முறை வந்தபோது விரல்களுக்கிடையே அரிசி ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. உதறினாள். சில மணிகள் அவர் கழுத்தில் விழுந்தன. அவற்றை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ அவள் தோளைப் பிடித்து விலக்கினார்கள்.

பாடையைத் தூக்கும்போது பத்மாவதி ஒரு சத்தம் போட்டாள். அழுகையா, கூப்பிட்டதா என்று புரியாத ஒரு சத்தம். பிறகு ஆண்கள் போய்விட்டார்கள். பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடுகாட்டுப் பக்கம் சங்கு ஊதிக்கொண்டே போவது கொஞ்ச நேரம் கேட்டது. ஒரு ராணுவ லாரி போகும் சத்தத்தில் அது நின்றது. மறுபடி கேட்டபோது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பதால் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஓர் ஆள் குறைந்திருந்தது. காமாரியா மட்டும் போகவில்லை. பின்கட்டு வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இன்னைக்குக் கேக்கலாமா தெரியல."

"கேளுங்கோ."

"போன நோம்பு மாசத்துல கிராணியண்ணன் சொன்னாரு, உன் புருஷனை வச்சு எழுதிக்கிட்டிருக்கேன், முடிச்சதும் படிச்சுக் காட்டுறேன்னு. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. முடிச்சாரா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள் தவமணி. ஆனால் கை இடுப்புக்குப் போய்விட்டது. காமாரியா அதைப் பார்த்துவிட்டாள்.

பச்சை நூல் கட்டை எடுத்து வாசித்தாள். முதலில் மெல்லிய குரலில், தன் பேச்சில்தான் தொடங்கினாள். இரண்டு வரிக்குள் வாக்கியங்களே அவள் நாக்கை வளைத்துச் சிக்கந்தரின் பேச்சுக்குக் கொண்டுபோயின. கூடத்தில் பத்மாவதி வாளித் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவத் தொடங்கியிருந்தாள். துடைப்பச் சத்தம் கேட்டது.

கிராம்பு வந்த இடத்தில் காமாரியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு, இரு டீச்சர். இது எப்ப வந்துச்சு?"

"என்ன?"

"இந்தக் கடுதாசி. அவர் உசுரோட இருக்காரா? எங்க இருந்து எழுதியிருக்காரு?"

தவமணி தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இது கடுதாசி இல்லை, காமாரியா. கதை. அண்ணை எழுதினது. இது அண்ணையின்ர கையெழுத்து."

"அவர் பேசுறாரே. கொறையும் இல்லலாங்கறாரே. தன் கதையைத் தானே சொல்றாரே..."

"நான் எண்டு எழுதினாலும் அது எழுதினவர் இல்லை. கதையில அப்பிடி எழுதலாம். வேற ஆளாக நிண்டு சொல்லுறது."

"அப்ப நான்னா யாரு?"

"இதில வாற நான் உங்கட அவர். எழுதினது அண்ணை."

காமாரியா அதை உள்ளே வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். பிடித்த மணிக்கட்டை விடவில்லை.

"கிராம்பு வச்சது அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

தவமணி தாளில் அந்த வரியைத் தேடினாள்.

"அன்னைக்குக் காலையில வச்சேன் டீச்சர். வாசல்ல வச்சு. வச்சதும் சைக்கிள் எடுத்துட்டு நேரா கடைக்குப் போனாரு. கடை தொறந்து கொஞ்ச நேரத்துல லாரி வந்துருச்சாம். யாருட்டச் சொல்லியிருப்பாரு?"

"நீங்கள் அண்ணையிட்டச் சொல்லேல்லையோ? அரிசி கொண்டுவந்த நேரம்?"

"இல்ல." பிறகு நிதானமில்லாமல், "சொல்லியிருப்பேனோ? அவர்ட்ட எவ்வளவோ சொல்லியிருக்கேன். அழுதுகிட்டே சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா நமக்கு? சொல்லலைன்னுதான் தோணுது. தெரியலலா, டீச்சர்," என்றாள்.

அவள் சொல்லியிருந்தால் கதை கதைதான். சொல்லாவிட்டால், அன்று காலைக்குப் பிறகு எங்கோ ஓரிடத்தில் சிக்கந்தரை அண்ணன் பார்த்திருக்கிறார். கடையிலா, அந்த அறை இருந்த கட்டிடத்திலா? ஒருவர் வெளியே வரும்போது மற்றவர் உள்ளே போனாரா? வாயில் கிராம்போடு ஒரு வார்த்தை பேசினாரா? தவமணி நினைத்த ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஒன்றோடொன்று சேரவில்லை.

மிச்சத்தை வாசித்து முடித்தாள். படகுக்காரன் கதையைச் சொல்லி எல்லாரையும் அழவைத்த இடத்தில் காமாரியா சிரித்தாள். "அவரேதான்," என்றாள். "அவரேதான் டீச்சர். ஒரு வார்த்தை மாத்தல." கன்னத்தைத் துடைக்காமலே இருந்தாள். பிறகு கட்டை வாங்கி, எழுத்துகளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை நான் வச்சுக்கட்டுமா?"

"வைச்சிருங்கோ."

"வேற எதுவும் எழுதினாரா?"

துடைப்பச் சத்தம் நின்றது. தவமணி கூடத்தின் பக்கம் பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு சொல் போதும். நாளைக்கு விடிந்ததும் மற்றக் கட்டை அடுப்பில் வைத்துவிடலாம். ஊர் மெச்சிய அண்ணன் ஊர் மெச்சியபடியே இருப்பார். மச்சாள் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து தண்ணீர் பிடிக்கப் போகலாம். ஆனால் ஒன்றரை வருஷமாக ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்து வைத்த அரிசியை இந்தப் பெண் இன்று கொடுத்துவிட்டாள். முடித்ததும் படித்துக் காட்டுகிறேன் என்று அண்ணன் சொன்னது எந்தக் கட்டை?

"இன்னொண்டு இருக்கு," என்றாள்.

"அதுலயும் நான்னுதான் வருதா?"

"ஓம்."

"அது யாரு நான்?"

தவமணி கறுப்பு நூல் கட்டை எடுத்து முழங்காலில் வைத்து நீவினாள். வேர்வையில் முதல் தாளின் ஓரம் நனைந்திருந்தது.

"தெரியேல்லை," என்றாள்.

காமாரியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்து, கேட்பதற்கு நேராக உட்கார்ந்தாள்.

கூடத்திலிருந்து பத்மாவதியின் குரல் வந்தது. குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"தவம், வாசிக்கிறதெண்டால் கொஞ்சம் உரத்து வாசி. எனக்கும் கேக்கட்டும்."

வாளி கவிழும் சத்தம் கேட்டது. கூடத்தைக் கழுவிய தண்ணீர் நடை வழியாகக் கிணற்றடியை நோக்கி வந்தது. காமாரியா சாரோங்கின் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, இரண்டு பாதங்களையும் வாங்கின் குறுக்குக் கட்டையில் ஏற்றி வைத்துக்கொண்டாள். தவமணியும் ஏற்றி வைத்துக்கொண்டு முதல் வரியை வாசித்தாள். தண்ணீர் அவர்களுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.